ரேக்கிங்: வாருவதா, சாய்வதா, வரிசையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேக்கிங் என்றால் இலை வாருவதுதானே, இதில் கேட்க என்ன இருக்கிறது?

தோட்டத்தோடு நின்றிருந்தால் ஒன்றும் இல்லைதான். ஆனால் லேத் பட்டறையில் "இந்த டூலுக்கு ரேக் எத்தனை டிகிரி?" என்கிறார்கள், கருத்துக்கணிப்பு நடத்துபவர் "டேட்டாவை ரேக் பண்ணியாச்சா?" என்கிறார், நிலநடுக்க அறிக்கையில் ரேக் என்று ஒரு எண் வருகிறது, ரயில்வே செய்தியில் "பத்து ரேக் நிலக்கரி" வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் 'வாருதல்' என்று ஒரே சொல்லைப் போட்டு மொழிபெயர்த்துவிட்டு, படிப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்ளும்படி விட்டுவிடுகிறார்கள். பொருள் தெரிந்தால் ஒவ்வொன்றும் அவ்வளவு அழகான விஷயம், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இத்தனை பொருளும் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவையா?

இல்லை. இதை முதலில் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றாக இருந்தாலும் அகராதிகள் இதைத் தனித்தனிச் சொற்களாகத்தான் தருகின்றன. ஒன்று, பல் வைத்த கருவி, அதனால் வாருவது. இன்னொன்று, சாய்வு, பாய்மரக் கப்பல்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் கப்பலின் முனையும் பாய்மரமும் செங்குத்தாக இல்லாமல் சரிந்து நிற்பதைச் சொல்லப் பயன்படுத்தியது. மூன்றாவது, கோடு அல்லது தடம் என்ற பொருளுடைய பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லின் வழியில் வந்த 'வரிசை'. ஆகவே எங்கே ரேக் என்று பார்த்தாலும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே ஏதாவது வாரப்படுகிறதா, ஏதாவது சாய்ந்திருக்கிறதா, ஏதாவது வரிசையாக நிற்கிறதா? பெரும்பாலும் மூன்றில் ஒன்றில் விடை கிடைத்துவிடும்.

முதலில் தோட்டத்து ரேக். எல்லா ரேக்கும் ஒன்றுதானே?

அப்படி நினைத்து வாங்கித்தான் பலர் இடுப்பு வலியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். விசிறி மாதிரி விரிந்த, வளைந்துகொடுக்கும் மெல்லிய பற்கள் உள்ளது இலை வாருவதற்கு. குட்டையான, கெட்டியான இரும்புப் பற்கள் உள்ளது மண்ணுக்கு: கட்டி உடைக்க, கல் பொறுக்க, விதைப்பதற்கு முன் பாத்தியைச் சமன் செய்ய. மண் ரேக்கால் புல்தரையில் இலை வாரினால் புல் வேரோடு வரும், விசிறி ரேக்கால் மண்கட்டியை இழுத்தால் பல் வளைந்துபோகும். குனிந்து வாராதீர்கள், கைப்பிடி உங்கள் உயரத்துக்கு ஏற்றதாக இருந்தால் நிமிர்ந்தே வாரலாம். அப்புறம், வேலை முடிந்ததும் பற்கள் மேலே பார்க்கும்படி தரையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்; தெரியாமல் மிதித்தால் கைப்பிடி எழும்பி முகத்தில் அடிக்கும்.

தமிழில் 'வாருதல்' என்ற சொல்லே இதற்குப் போதுமா?

தோட்டத்துக்குத் தாராளமாகப் போதும், சொல்லப்போனால் நம் சொல் இன்னும் வளமானது. தலை வாருகிறோம், ஏரியில் தூர் வாருகிறோம், வாரி வழங்குகிறோம், நம்பியவர் காலை வாரிவிடுகிறார்கள். ஒருவர் காசை வாரிக் குவிக்கிறார் என்று நாம் சொல்வதை ஆங்கிலத்திலும் ரேக் வைத்தே சொல்கிறார்கள். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே கையசைவைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார்கள். பல் உள்ள ஒன்றால் இழுத்துச் சேர்ப்பது என்ற காட்சி வரும் இடமெல்லாம் வாருதல் பொருந்தும். சாய்வு வரும் இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால்தான் கெட்டுப்போகிறது.

வயலிலும் காட்டிலும் ரேக்கிங் என்று சொல்வது எதை?

தீவனப்புல்லை அறுத்துக் காயவைத்தபின் நீளநீளமான வரிசைகளாக ஒதுக்கி வாருவதை. காற்றும் வெயிலும் உள்ளே போகவும், பிறகு கட்டுக் கட்டும் இயந்திரம் வரிசைமேல் ஓடி அள்ளவும் அது வசதி. குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தில் நேரம் ரொம்ப முக்கியம். முழுக்கக் காய்ந்தபிறகு வாரினால் இலை நொறுங்கி நிலத்திலேயே உதிர்ந்துவிடும், சத்தெல்லாம் இலையில்தான் இருக்கிறது, மிஞ்சுவது தண்டுதான். அதனால் இலையில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, பனிப்பதம் விலகாத காலையில் வாருவார்கள்.

காட்டில் இதே வேலை உயிர் காக்கிறது. தீ பரவும் திசைக்குக் குறுக்கே ஒரு பட்டைபோல் சருகு, காய்ந்த புல், மட்கிய இலை எல்லாவற்றையும் வாரி வெறும் மண் தெரியும்வரை சுத்தம் செய்வதுதான் தீத்தடுப்புக் கோடு. எரிய ஒன்றும் இல்லாவிட்டால் தரையோடு ஊர்ந்துவரும் தீ அங்கே நின்றுவிடும். ஒரு பக்கம் ரேக், மறுபக்கம் மண்வெட்டி என்று இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது, 1905இல் அமெரிக்க வனக்காவலர் மால்கம் மெக்லியாட் உருவாக்கியது. இன்றும் மெக்லியாட் என்றே அதற்குப் பெயர்.

ஜப்பானில் சரளைக்கல்லை வாருகிறார்களே, எதற்கு?

வறண்ட நிலத்தோட்டங்களில் தண்ணீருக்குப் பதில் வெண்சரளை, அதில் ரேக்கால் இழுத்த கோடுகள்தான் அலை. கியோட்டோவின் ரியோஆன்ஜி கோயில் தோட்டத்தில் 15 கற்கள் உண்டு, பார்வையாளர் உட்காரும் திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்தே இருக்கும். மழையும் காற்றும் கலைக்கும் கோடுகளைத் துறவிகள் திரும்பத் திரும்ப வாருகிறார்கள். இங்கே எதையும் சேர்க்கவும் இல்லை, அகற்றவும் இல்லை, வாருவதே வேலை.

பத்திரிகைத் துறையில் 'மக்ரேக்கிங்' என்பது அவதூறு செய்வதா?

இந்தத் தவறான புரிதலை நான் நிறையப் பார்க்கிறேன், தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். நாம் 'புழுதி வாரித் தூற்றுதல்' என்று சொல்வது அவதூறு. மக்ரேக்கிங் என்பது அதிகாரமும் பணமும் மறைத்துவைத்த அழுக்கைக் கிளறி ஆதாரத்தோடு வெளியே கொண்டுவருவது. பெயர் வைத்தவர் அதைக் குறையாகத்தான் சொன்னார்: 1906 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஓர் உரையில், ஜான் பன்யனின் உருவகக் கதையில் வரும் சாண வாரியோடு நிற்கும் மனிதனை எடுத்துக்காட்டினார். தலைக்குமேல் கிரீடம் நீட்டப்பட்டாலும் நிமிர்ந்து பார்க்காமல் குப்பையையே கிளறிக்கொண்டிருப்பவன் அவன். அழுக்கைக் கிளறுவது தேவைதான், எப்போது நிறுத்த வேண்டும் என்றும் தெரிய வேண்டும் என்பது அவர் வாதம்.

ஆனால் அந்த வசைச்சொல்லைப் பத்திரிகையாளர்கள் விருதுபோல் சூடிக்கொண்டார்கள். ஐடா டார்பெல் 1902 முதல் மெக்லூர்ஸ் இதழில் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தைப் பற்றி ஆவணம் ஆவணமாகத் தேடி எழுதினார், 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அந்த நிறுவனம் உடைக்கப்பட்டது. சிகாகோ இறைச்சிக் கூடங்களைப் பற்றி அப்டன் சின்க்ளேர் எழுதியது 1906ஆம் ஆண்டின் இறைச்சி ஆய்வுச் சட்டத்துக்கு வலுச் சேர்த்தது. யாரோ ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகராமல் கிளறியதால் நடந்தவை இவை.

கடற்போரில் 'ரேக்கிங் ஃபயர்' என்கிறார்களே?

எதிரிக் கப்பலின் பக்கவாட்டில் சுடாமல், அதன் முன்முனையிலிருந்தோ பின்முனையிலிருந்தோ நீளவாக்கில் சுடுவது. பாய்மரக் காலத்துப் போர்க்கப்பலின் பீரங்கிகள் எல்லாம் இரண்டு பக்கமும்தான் வரிசையாக இருக்கும், முனைகளில் ஒன்றிரண்டுதான். பின்முனை இன்னும் மோசம், அங்கே கண்ணாடிச் சன்னல்களும் மெல்லிய மரமும்தான். பக்கவாட்டில் வந்த குண்டு கப்பலின் அகலத்தைத்தான் கடக்கும். நீளவாக்கில் வந்தால் தளம் முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வாரிக்கொண்டு போகும், வழியில் இருக்கும் ஆட்களும் பீரங்கிகளும் எல்லாம் போச்சு. அடி வாங்கும் கப்பலால் பெரிதாகத் திருப்பிச் சுடவும் முடியாது.

1805 அக்டோபர் 21, டிராஃபல்கர் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல் செய்தது இதுதான். எதிரி வரிசையை நோக்கி நேராக முன்முனை காட்டிப் போனதால் முதலில் விக்டரிதான் பதில் கொடுக்க முடியாமல் குண்டுகளை வாங்கிக்கொண்டது. வரிசையைக் கிழித்துக்கொண்டு பிரெஞ்சுத் தலைமைக் கப்பலான ப்யூசெந்தோரின் பின்முனைக்கு வந்ததும், தன் பக்கப் பீரங்கிகள் அத்தனையையும் அதன் நீளத்துக்குள் இறக்கியது.

கருத்துக்கணிப்பில் டேட்டாவை எப்படி ரேக் செய்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது. 100 பேரிடம் கேட்டீர்கள், அதில் 60 பெண்கள், 40 ஆண்கள், ஆனால் மக்கள்தொகையில் சரிபாதி என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு பெண்ணின் பதிலுக்கும் 50ஐ 60ஆல் வகுத்து 0.83 எடை, ஒவ்வோர் ஆணுக்கும் 50ஐ 40ஆல் வகுத்து 1.25 எடை. பாலினம் சரியாகிவிட்டது. அடுத்து வயதைப் பார்க்கிறீர்கள், இளைஞர்கள் குறைவாக இருக்கிறார்கள், அவர்கள் எடையைக் கூட்டுகிறீர்கள். கூட்டியதும் பாலினக் கணக்கு லேசாகக் கலைகிறது. சரி, மறுபடி பாலினம், மறுபடி வயது. ஒவ்வொரு சுற்றிலும் கலைவது குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தி நிற்கும். பாத்தியை முதலில் நெடுக்காக வாரி, அப்புறம் குறுக்காக வாரி, மறுபடி நெடுக்காக வாரிச் சமன் செய்வதை மனதில் வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

இந்த முறையை எட்வர்ட்ஸ் டெமிங்கும் ஃபிரெடரிக் ஸ்டெஃபானும் 1940இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலைக்காக வெளியிட்டார்கள். பாலினம் தனியாக, வயது தனியாக மொத்தங்கள் தெரிந்தால் போதும், '30 வயதுக்குட்பட்ட பெண்கள் எத்தனை' என்ற கூட்டு எண்ணிக்கை தேவையில்லை என்பது இதன் பெரிய வசதி.

அப்படி ரேக் செய்துவிட்டால் கணிப்பு சரியாகிவிடுமா?

ஆகாது. எந்த விவரங்களைக் கொண்டு ரேக் செய்தீர்களோ அவை மட்டும்தான் நேராகும். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் மாநில அளவிலான பல கணிப்புகள் கல்வித்தகுதியைக் கணக்கில் எடுத்து எடை போடவில்லை. பட்டம் படித்தவர்கள் கணிப்புகளுக்கு அதிகம் பதில் சொல்பவர்கள், அந்தத் தேர்தலிலோ படிப்பை ஒட்டி வாக்கு பிரிந்தது, கணிப்பு சறுக்கியது. இன்னொரு ஆபத்து, ஒரு பிரிவில் இரண்டே பேர் இருந்தால் அவர்களுக்கு மிகப்பெரிய எடை விழும், அந்த இருவர் நினைப்பது ஒரு கூட்டத்தின் கருத்தாகிவிடும். அதனால் எடைக்கு உச்சவரம்பு வைப்பார்கள். ஒரு கணிப்பைப் படிக்கும்போது எதை வைத்து எடை போட்டார்கள் என்று தேடிப் பாருங்கள். சொல்லியிருக்கவே இல்லை என்றால் அந்தக் கணிப்பை நான் நம்பமாட்டேன்.

சரி, சாய்வுக்கு வருவோம். ரேக் செய்த மேடை என்றால்?

பார்வையாளர் பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் உயர்ந்த நாடக மேடை. பின்னால் நிற்கும் நடிகரும் தெரியவேண்டும், வரைந்த காட்சித் திரைகளில் தூரத்தோற்றமும் எடுக்கவேண்டும் என்பதற்காக ஐரோப்பிய அரங்குகளில் இப்படிக் கட்டினார்கள். ஆங்கிலத்தில் மேடையின் பின்பகுதியை இன்றும் 'மேல்மேடை' என்றும் முன்பகுதியைக் 'கீழ்மேடை' என்றும் சொல்வது இந்தச் சரிவின் மிச்சம்தான். சக்கரம் வைத்த பொருட்கள் உருளும், ஆடுபவர்களின் முழங்காலும் இடுப்பும் படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. இப்போது பெரும்பாலும் மேடையைச் சமமாக வைத்து இருக்கைகளைத்தான் சரிவாக அமைக்கிறார்கள், அதுவும் ரேக்தான்.

ஓவியங்களை ஆராய்பவர்கள் சொல்லும் 'ரேக்கிங் லைட்' எது?

பரப்பை உரசுவதுபோல் ஒரு பக்கத்திலிருந்து மிகத் தாழ்வான கோணத்தில் விழும் ஒளி. நேராக ஒளி விழுந்தால் மேடுபள்ளத்துக்கு நிழல் கிடையாது, எல்லாம் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் விழுந்தால் மில்லிமீட்டருக்கும் குறைவான மேடுகூட நீளமான நிழலைப் போடும். வண்ணத்தின் தடிப்பு, தூரிகை போன திசை, உரியத் தொடங்கிய இடம், பழுதுபார்த்த ஒட்டு எல்லாம் எழும்பி நிற்கும். தேய்ந்த கல்வெட்டை வாசிக்க மாலை வெயிலுக்குக் காத்திருப்பது இதனால்தான். ஒரு தாளில் அழுத்தி எழுதியதன் பதிவு அடுத்த தாளில் இருப்பதைத் தடயவியல் ஆய்வாளர்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

நீங்களே சோதிக்கலாம். இருட்டு அறையில் கைபேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள், வழவழப்பாக இருந்த சுவர் முழுக்க அலை அலையாகத் தெரியும். பூச்சு வேலையைச் சரிபார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. நிலவிலும் இதே கதைதான்: பௌர்ணமியன்று தொலைநோக்கியில் பள்ளங்கள் மங்கிப்போகும், அரைநிலவில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே அவை செதுக்கியதுபோல் நிற்கும்.

லேத்தில் ரேக் கோணம் எதற்கு?

வெட்டும் டூலின் முகம், அதாவது சீவிய உலோகச் சுருள் ஏறி வழுக்கிப் போகும் முகம், எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் அது. பாசிட்டிவ் ரேக் என்றால் முனை கூர்மை, வெட்டு எளிது, விசை குறைவு, ஆனால் முனை பலவீனம். நெகட்டிவ் ரேக் என்றால் முனை தடித்தது, அதிர்ச்சி தாங்கும், கார்பைடு போல் கெட்டியாகவும் எளிதில் உடையக்கூடியதாகவும் உள்ள முனைகளுக்கு ஏற்றது, ஆனால் இயந்திரத்துக்கு வலு வேண்டும். அலுமினியத்துக்கு நிறையப் பாசிட்டிவ் வைப்பார்கள். பித்தளைக்குக் கிட்டத்தட்ட பூஜ்ஜியம், இல்லாவிட்டால் டூல் தானாக உள்ளே கவ்வி இழுத்துக்கொள்ளும்.

சைக்கிள் ரேக்கும் மோட்டார் சைக்கிள் ரேக்கும் ஒன்றா?

இல்லை, பக்கத்துப் பக்கத்துத் துறையாக இருந்தும் வேறுவேறு! மோட்டார் சைக்கிளில் ரேக் என்பது கோணம்: ஹேண்டில் திரும்பும் அச்சு செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது. வேகப் பந்தய வகைகளில் 24 டிகிரி அளவில், நீண்ட தூரம் ஓட்டும் குரூசர்களில் 30 டிகிரிவரையும் அதற்கு மேலும். சைக்கிளில் ரேக் என்பது நீளம்: அதே அச்சுக்கோட்டிலிருந்து முன்சக்கரத்தின் மையம் எவ்வளவு முன்னே தள்ளி இருக்கிறது, சாலை சைக்கிளில் சுமார் 45 மில்லிமீட்டர்.

விளைவும் தலைகீழ். மோட்டார் சைக்கிளில் ரேக் கூடினால் வண்டி நேராக ஓடும் நிதானம் கூடும், வளைப்பது கொஞ்சம் சோம்பலாகும். சைக்கிளில் ரேக் கூடினால் சட்டென்று திரும்பும், நிதானம் குறையும். இது தெரியாமல் ஒன்றின் அறிவுரையை இன்னொன்றுக்குப் பொருத்தி ஃபோர்க் மாற்றினால் பணமும் போகும், ஓட்டமும் கெடும்.

கட்டட வேலையில் எந்தப் பொருள்?

இரண்டுமே, அதுவும் ஒரே சுவரில். சாயும் சுவருக்குத் தரையிலிருந்து சரிவாகக் கொடுக்கும் முட்டு ரேக்கிங் ஷோர், இது சாய்வு. செங்கல் மூட்டில் இருக்கும் கலவையைச் சுரண்டி எடுப்பது மூட்டை ரேக் செய்வது, இது வாருதல். புதுச் சுவரென்றால் பூச்சு பிடிப்பதற்காகக் கலவை இறுகுவதற்கு முன்பே 10 முதல் 12 மி.மீ. ஆழம் சுரண்டுவார்கள். பழைய சுவரென்றால் உதிர்ந்த கலவையை மூட்டின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழமாவது எடுத்துவிட்டுப் புதுக்கலவை வைக்கவேண்டும். பழைய மென்மையான செங்கலில் சிமெண்டை அடைக்காதீர்கள், சுண்ணாம்புக் கலவைதான் சரி; சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, கலவைக்குப் பதில் செங்கல் உதிர ஆரம்பிக்கும்.

நிலநடுக்க அறிக்கையில் வரும் ரேக்?

நிலப்பிளவின் பரப்பில் ஒரு பக்கப் பாறை மறுபக்கத்தின்மேல் எந்தத் திசையில் நழுவியது என்ற கோணம். பூஜ்ஜியத்துக்கோ 180க்கோ அருகில் இருந்தால் பக்கவாட்டு நகர்வு, 90க்கு அருகில் என்றால் மேலே உள்ள பாறை ஏறியிருக்கிறது, மைனஸ் 90 என்றால் இறங்கியிருக்கிறது. கடற்கரையில் வாழ்பவர்கள் எல்லாருக்கும் இந்த எண் முக்கியம். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம், அளவு 9.1, மேலேறும் வகை. கடற்படுகையையே தூக்கியது, சுனாமி வந்தது. 2012 ஏப்ரல் 11 அதே சுமத்ராவுக்கு அப்பால் அளவு 8.6, அதுவும் பயங்கரமானதுதான், ஆனால் பக்கவாட்டு நகர்வு. படுகை பெரிதாக உயரவில்லை, சிறிய அலைகளோடு போயிற்று.

ரயில்வே ரேக், சீட்டாட்ட ரேக், புரோகிராமர்களின் ரேக்?

ரயில்வேயில் எஞ்சின் சேராமல், கோத்து நிற்கும் பெட்டிகளின் முழு வரிசைதான் ரேக். பிரிட்டனிலும் இந்தியாவிலும் இந்தச் சொல்தான். போக்கரில் ஒவ்வோர் ஆட்டத்தின் பந்தயத் தொகையிலிருந்தும் நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் பங்கு ரேக். யார் ஜெயித்தாலும் அது போய்க்கொண்டே இருக்கும் என்பதால் ஆடுபவர்களின் மொத்தப் பணம் குறைந்துகொண்டேதான் வரும். ரூபி என்ற நிரல் மொழியில் ரேக் என்பது, நிரலைக் கட்டியெழுப்பும் வேலைகளைத் தானாகச் செய்ய ஜிம் வைரிக் எழுதிய கருவி, 'மேக்' என்ற பழைய கருவியின் ரூபி வடிவம், பெயரும் அப்படி ஒட்டியதுதான். வாருவதற்கும் சாய்வதற்கும் சம்பந்தமில்லை.

பழைய ஆங்கில ஓவியத் தலைப்பில் ஒரு மனிதனையே ரேக் என்கிறார்களே?

அது 'ரேக்ஹெல்' என்ற வசைச்சொல்லின் சுருக்கம்: குடி, சூது, பெண் என்று சொத்தை அழிக்கும் உல்லாசி. வில்லியம் ஹோகார்த் 1730களில் அப்படி ஒருவனின் வீழ்ச்சியை எட்டு ஓவியங்களாக வரைந்தார், லண்டனில் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தந்தையின் சொத்து கைக்கு வருவதில் தொடங்கி மனநல விடுதியில் முடிகிறது.

அப்படியானால் தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லைப் போடுவது?

என் வழக்கத்தைச் சொல்கிறேன். தோட்டம், வயல், சரளை: வாருதல். செங்கல் மூட்டு: சுரண்டுதல். பத்திரிகை: ஊழல் கிளறும் எழுத்து. கப்பல்: நீளவாக்குச் சூடு. ஒளி: சாய்வொளி. முட்டு: சாய்வு முட்டு. நிலநடுக்கம்: நழுவுகோணம். லேத்திலும் ரயில்வேயிலும் ரேக் என்றே விட்டுவிடுவேன், அங்கே வேலை செய்பவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். கருத்துக்கணிப்புக்கு மட்டும் 'எடைச் சீராக்கம்' என்று எழுதி, எந்தெந்த விவரங்களை வைத்துச் சீராக்கினார்கள் என்பதை அதே வாக்கியத்தில் சேர்த்துவிடுவேன்.